மேசைக் கணினியில் ஓர் ஒத்திகைக் களம்

தக்காணப் பீடபூமியில், கடலுக்கு வெகு தொலைவில் அமைந்த நகரம் ஹைதராபாத். எனினும், நாகப்பட்டினத்து மீனவரும் கன்னியாகுமரி மீனவரும் கடலுக்குச் செல்லுமுன் அறிய விரும்பும் செய்திகள் பல இந்நகரிலிருந்தே வருகின்றன. 1999-ஆம் ஆண்டில் இங்கு நிறுவப்பெற்ற இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், அலைகளின் உயரத்தையும் மீன் திரளக்கூடிய இடங்களையும் கணித்துத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அறிவித்து வருகிறது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நேர்ந்த பேரழிவுக்குப் பின், 2007-இல் சுனாமி முன்னெச்சரிக்கை மையமும் இங்கேயே பணி தொடங்கியது.

இத்தகைய செய்திகள் மக்களைச் சென்றடையும் வழிகளுள் ஒன்று இணையச் செயலி. இது அச்சிட்டு வைத்த தாளைப் போன்றதன்று. ஒருவர் பக்கத்தைக் கேட்கும்பொழுதுதான், சேவைக் கணினியிலுள்ள நிரல் தரவுத்தளத்திலிருந்து புள்ளிகளை எடுத்து அப்பக்கத்தை ஆக்கித் தருகிறது. ஆகவே நிரலில் ஒரு வரி பிழைபட்டால், பார்ப்போர் அனைவருக்கும் அப்பிழையே சென்று சேரும். 3 மீட்டர் அலையை 3 அடி என்று நிரல் தவறாகக் கொள்ளுமாயின், திரையில் 0.9 மீட்டர் என்று தோன்றும். அதை நம்பிப் படகைத் தள்ளுவோரின் நிலை என்னவாகும்?

நாற்றங்காலில் வளர்த்துத் தேர்ந்த நாற்றையே உழவர் வயலில் நடுவர். அதுபோல, நிரலையும் முதலில் தனியிடத்தில் இயக்கிப் பார்த்த பின்னரே பொதுமக்கள் முன் வைத்தல் வேண்டும். அத்தனியிடத்தை ஒரு சாதாரண மேசைக் கணினியிலேயே அமைத்துக்கொள்ளலாம் என்பது பலர் அறியாத செய்தி.

இதற்கு வேண்டிய உறுப்புகள் ஐந்து. நிரலை எழுத ஓர் எழுத்துத் தொகுப்பி. அதை இயக்கப் பைத்தான் போன்ற மொழி. பக்கங்களை வழங்க அப்பாச்சி போன்ற சேவை மென்பொருள். புள்ளிகளைச் சேமிக்கப் போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம். செய்த மாற்றங்களையெல்லாம் நாள்வாரியாகப் பதிந்து வைக்கும் கிட் என்னும் சாதனம். 2005-இல் உருவான கிட்டைக் கொண்டு, நேற்று நன்றாக ஓடிய நிரலை இன்று கெடுத்துவிட்டாலும் பழைய நிலைக்கு மீளலாம். இவை அனைத்தும் விலையின்றிக் கிடைப்பன. லினக்ஸ் இயக்கமுறையும் அவ்வாறே.

கேட்கும் கணினியும் வழங்கும் கணினியும் ஒன்றாகவே இருத்தல் கூடுமோ என ஐயம் எழலாம். கூடும். 127.0.0.1 என்னும் முகவரி, எந்தக் கணினியிலும் அந்தக் கணினியையே குறிப்பது. உலாவியில் இதை எழுதினால், வேண்டுகோள் வெளியே செல்லாமல் அதே கணினியிலுள்ள சேவை மென்பொருளை அடைந்து விடைபெற்றுத் திரும்பும். எனவே, மென்பொருள்களை ஒரு முறை நிறுவிய பின், இணைய இணைப்பில்லாத சிற்றூர்ப் பள்ளியிலும் இப்பணியைத் தொடரலாம்.

களத்தை அமைப்போர் மூன்று விதிகளை மறத்தலாகாது. முதலாவது, மேசையிலுள்ள மென்பொருள்களின் பதிப்புகள் பொதுச் சேவைக் கணினியில் உள்ளவையாகவே இருத்தல் வேண்டும். இல்லையேல் இங்கு ஓடுவது அங்கு நிற்கும். இரண்டாவது, தரவுத்தளம், நிரல், பக்கம் ஆகிய மூன்றிலும் யுடிஎஃப்-8 என்னும் ஒரே குறியீட்டு முறையைக் கையாளுதல் வேண்டும். ஓரிடத்தில் மாறினும் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகவோ பொருளற்ற குறிகளாகவோ சிதையும். மூன்றாவது, ஒத்திகைக் களமும் மெய்க் களமும் பார்த்தவுடன் வேறுபடுத்தி அறியக்கூடியனவாக இருத்தல் வேண்டும். திரையின் நிறம், கடவுச்சொல், தரவுத்தளம் ஆகியவை இரண்டிற்கும் தனித்தனியே அமைதல் நலம்.

மூன்றாவது விதியின் அருமையை உலகுக்கு உணர்த்தியது ஹவாய்த் தீவு. 2018 ஜனவரி 13-ஆம் நாள் காலை, ஏவுகணை வருகிறது என்னும் எச்சரிக்கை அங்குள்ளோரின் கைப்பேசிகளுக்குச் சென்றது. ஏவுகணை எதுவும் வரவில்லை. ஊழியர் ஒருவர் ஒத்திகையை மெய்யென மயங்கியதே காரணம். திருத்தச் செய்தி செல்ல 38 நிமிடங்கள் ஆயின. அங்குப் பயன்பட்ட மென்பொருள் ஒத்திகைக் களத்தையும் மெய்க் களத்தையும் பிரித்துக் காட்டவில்லை என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது.

பள்ளி ஆசிரியர்கள் மழைமானிப் பதிவைக் கொண்டு இப்பயிற்சியைத் தொடங்கலாம். மாணவர் நாள்தோறும் அளக்கும் மழையை மில்லிமீட்டரில் ஏற்று, மாதக் கூட்டுத்தொகையைக் காட்டும் சிறு செயலி போதுமானது. அது சரியான எண்ணை ஏற்கிறதா என்று மட்டும் பார்த்தல் போதாது. மழை அளவாக -5 என்றும், எண்ணுக்குப் பதில் எழுத்தையும், ஒரே நாளைக்கு இரு முறையும் இட்டுப் பார்த்தல் வேண்டும். தவறானதை மறுக்கக் கற்ற செயலியே நம்பத்தக்கது. களப்பணியாளரும் தமக்கு வரும் புதிய செயலியை இவ்வாறே சோதித்து, கண்ட குறைகளை எழுதி அனுப்புவாராயின், அக்குறைகள் கரையில் நிற்பவரை அடையுமுன் மேசையிலேயே தீரும்.