கச்சான் எந்த அணியில்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வவுணதீவுப் பக்கம் ஆனி, ஆடியில் உதைபந்தாட்டம் என்றால், யார் யார் விளையாடுகிறார்கள் என்று விசாரிப்பதற்கு முன்னர் கச்சான் எழும்பிவிட்டதா என்று விசாரிக்க வேண்டும். தின்னும் கச்சானைச் சொல்லவில்லை, வீசும் கச்சானை. மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து காய்ந்து வரும் அந்தக் காற்று எழும்பினால் உதடு வெடிக்கும், கொடியில் போட்ட துணி மொறுமொறுக்கும், மைதானத்துப் புழுதி கோல் காப்பாளரின் கண்ணுக்குள் போகும். சர்வதேச வானிலையியல் அகராதிகளில் கச்சானுக்குத் தனிப் பதிவே உண்டு. இலங்கையின் மலைகளைத் தாண்டி யூன், யூலையில் வீசும் வெப்பக் காற்று அது என்றும், மட்டக்களப்பில் நன்றாக உருவாகிக் கடற்காற்றையே அடக்கி வெப்பநிலையை 38 பாகை செல்சியசுக்கு அருகே ஏற்றிவிடும் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு கல்லூரி அணி பருவத்தின் முதல் ஆட்டத்தைச் சொந்த மைதானத்தில் ஆடப்போகிறது என்றால் விளையாட்டு நிருபர் அணித்தலைவரைப் பற்றியும் போன வருடத்து முடிவைப் பற்றியும் எழுதுவார். எனக்கு அந்த வேலை இல்லை. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பாடசாலை, வலையிறவுப் பாலத்தைக் கடந்து நகரத்திலிருந்து வரும் ஓர் அணி, இரண்டாம் தவணையில் ஒரு பின்னேரம். இவ்வளவையும் கற்பனை செய்துகொண்டு, பெயர்களை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சொந்த மைதானத்தில் ஆடுபவர்கள் அதிகம் வெல்கிறார்கள் என்பது உலகம் முழுக்கக் கண்ட உண்மை. அந்த அனுகூலம் எதனால் ஆனது, அதில் எவ்வளவு வவுணதீவுக்குக் கிடைக்கும் என்பதுதான் என் கேள்வி.

முதலில் காற்று. அது இங்கே பிறந்தது அல்ல. இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்து தென்மேற்குப் பருவக்காற்று கரையேறும்போது அதன் வெப்பநிலை 28 பாகை என்று வைத்துக்கொள்வோம். மலைநாடு குறுக்கே நிற்கிறது. பீதுருதாலகாலை 2,524 மீற்றர் உயரம். காற்று ஏறியே ஆக வேண்டும். ஏறும் காற்று விரிகிறது, விரிந்தால் குளிர்கிறது, கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம். 500 மீற்றரில் முகில் கட்டத் தொடங்குகிறது என்றால் அங்கே 23 பாகை. அதற்குமேல் கணக்கு மாறுகிறது. நீராவி நீராக மாறும்போது தன்னுள் வைத்திருந்த வெப்பத்தை வெளியே விடும். அதனால் குளிர்தல் மந்தமாகிக் கிலோமீற்றருக்கு 5 பாகை அளவில் நிற்கும். 2,000 மீற்றருக்கு ஏறியபோது 15.5 பாகை. ஈரம் மழையாகக் கினிகத்தேனையிலும் வட்டவளையிலும் ஹற்றனிலும் இறங்கிவிட்டது. இனிக் காற்று மறுபக்கம் சரிகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடேறும். முகில் கரைந்துவிட்டதால் முழு 10 பாகை வீதம் ஏறும். 2,000 மீற்றருக்கு 20 பாகை. படுவான்கரை வயல்வெளிக்கு வரும்போது 35.5 பாகை.

28 பாகையாகக் கரையேறிய காற்று 35.5 பாகையாக வந்து சேர்கிறது. இடையில் எவரும் அடுப்பு மூட்டவில்லை. மிகுதி ஏழரைப் பாகையும் மேற்குச் சரிவில் பெய்த மழையின் வெப்பம். உண்மையான காற்று இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. பாதிக் காற்று மலையைச் சுற்றிப் போகும், வயலில் காயும் வெயிலும் தன் பங்கைச் சேர்க்கும். ஆனாலும் அடிப்படைக் கணக்கு இதுதான். அல்ப்ஸ் மலையடிவாரத்தில் ‘ஃபோன்’ என்று பெயர் பெற்ற காற்றும் இதே வழியில்தான் சூடாகிறது. தேயிலைக் கொழுந்து எடுக்கும் ஒருவர் தலையில் படங்குத்துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் நனையும் அதே நாளில், அந்த மழை விட்டுவிட்டுப் போன சூடு மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு பிள்ளையின் முகத்தில் அடிக்கிறது.

இதில் ஒரு எண் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு லீற்றர் நீர் ஆவியிலிருந்து மழையாகும்போது விடும் வெப்பம் ஏறத்தாழ 24 இலட்சம் யூல். ஏழெட்டு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அந்த லீற்றரை மனதில் வைத்திருங்கள்.

இப்போது விளையாடும் பிள்ளைக்கு வருவோம். ஓடும் தசைகள் தாம் செலவிடும் சக்தியில் பெரும்பகுதியை வெப்பமாகவே கொட்டுகின்றன. காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையான 35 பாகையைத் தாண்டிவிட்டால் காற்று உடம்பைக் குளிர்விக்காது, எதிர்மாறாகச் சூடேற்றும். மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான். வியர்த்தால் மட்டும் பயனில்லை, அது ஆவியாக வேண்டும். ஒரு லீற்றர் வியர்வை ஆவியாகும்போது உடம்பிலிருந்து எடுத்துச் செல்வதும் அதே 24 இலட்சம் யூல்தான். ஹற்றனில் ஒரு லீற்றர் மழை காற்றுக்குக் கொடுத்த கடனை வவுணதீவில் ஒரு லீற்றர் வியர்வை திருப்பிக் கேட்கிறது. அந்த வெப்பம் வெளியேறாமல் 60 கிலோ எடையுள்ள உடம்பில் தங்கினால் அதன் வெப்பநிலை பத்துப் பாகைக்கு மேல் ஏறிவிடும். அதற்கு வெகுமுன்பே ஆள் விழுந்துவிடுவார்.

கச்சான் இங்கே இரண்டு பக்கமும் விளையாடுகிறது. உலர்ந்த காற்று என்பதால் வியர்வை உடனுக்குடன் ஆவியாகும். அந்த வகையில் 38 பாகைக் கச்சானைவிட 33 பாகையில் ஈரம் கனத்து, இலை அசையாமல் அவிக்கும் ஒரு பின்னேரம் ஆபத்து மிக்கது. விளையாட்டு மருத்துவர்கள் வெறும் வெப்பமானியை நம்பாமல், ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவுக்கு 70 வீதம் முக்கியத்துவம் கொடுத்து ஒரு சுட்டெண் கணிப்பது இதற்காகத்தான். அது 32 பாகையைத் தாண்டும் ஆட்டங்களில் தண்ணீர் இடைவேளை கொடுக்கலாம் என்பது ஃபீஃபாவின் வழிகாட்டல். 2014 உலகக் கிண்ணத்தில் போர்த்தலேசா நகரில் நெதர்லாந்தும் மெக்சிக்கோவும் மோதிய ஆட்டத்தில் அப்படி நிறுத்தினார்கள். கச்சானின் சூழ்ச்சி மற்றப் பக்கத்தில் இருக்கிறது. தோல் நனையாமலே இருப்பதால் எவ்வளவு நீர் போனது என்று பிள்ளைக்குத் தெரியாது. வெயிலில் ஓடும் வீரர் மணிக்கு ஒரு லீற்றருக்கு மேல் சாதாரணமாக இழப்பார். உடல் எடையில் 2 வீத அளவு நீர் போனாலே ஓட்டமும் கவனமும் தளரத் தொடங்கும். 60 கிலோப் பிள்ளைக்கு அது 1.2 லீற்றர். இடைவேளைக்குப் பிறகு கால் ஏன் சொன்னபடி கேட்கவில்லை என்று அவன் யோசிப்பான்.

உள்ளூர்ப் பிள்ளைகள் இந்த வெக்கைக்குப் பழகியவர்கள்தானே என்று கேட்கலாம். பழக்கம் என்பது உடம்பில் அளக்கக்கூடிய மாற்றம். வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்து பயிற்சி எடுத்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முந்திச் சுரக்கும், அதில் உப்புக் குறையும், இதயம் நிதானமாக அடிக்கும். பயிற்சியை விட்டால் சில வாரங்களில் அது கரைந்தும் போகும். ஆகவே தவணை விடுமுறையில் நிழலில் கிடந்துவிட்டு முதல் ஆட்டத்துக்கு வரும் உள்ளூர் வீரனைவிட, நகரத்தில் மதிய வெயிலில் ஓடிய வீரன் மேல். நுவரெலியாவிலிருந்து ஓர் அணி வந்தால் நிலைமை வேறு. நகரத்து அணிக்கும் வவுணதீவுக்கும் நடுவே இருப்பது ஒரு வாவிதான்.

அந்த வாவி சும்மா கிடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பகலில் தரை கடலைவிட விரைவாகச் சூடாகி அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடலிலிருந்து குளிர்காற்று உள்ளே வரும். கடலோரப் பக்கமான எழுவான்கரைக்கு அது முதலில் கிடைக்கும். வாவியைத் தாண்டி மேற்கே படுவான்கரைக்கு வருவதற்குள் கச்சான் எதிரே நிற்கிறது. உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் சிறுபோக வயல்கள் பச்சையாக இருக்க, மானாவாரி வயல்கள் வெடித்துக் கிடக்கும் நிலத்தின் மேலாக வருகிறது அது. படுவான்கரை மைதானத்துக்கு முதலில் வந்து கடைசியாகப் போகும் விருந்தாளி.

பந்துக்கு அது என்ன செய்கிறது? விதிப்படி பந்தின் எடை 410 முதல் 450 கிராம் வரை. காற்றின் தடை, பந்துக்கும் காற்றுக்கும் இடையிலான வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு பந்தை உதைக்கிறோம். எதிரே 29 கிலோமீற்றர் வேகத்தில் கச்சான். பந்தைப் பொறுத்தவரை அது 101 கிலோமீற்றர் காற்று. தடை ஏறத்தாழ இருமடங்காகி, பந்தின் எடையையே நெருங்குகிறது. உயர உதைத்த பந்து நடுவானில் மலைத்து நின்று செங்குத்தாக விழுவது அதனால்தான். அதே உதையைக் காற்றோடு உதைத்தால் தடை மூன்றில் ஒன்றளவுக்குச் சுருங்கும். பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி வேலிக்குப் போகும். நிலத்தோடு காற்றின் வேகம் குறைவு, ஏனெனில் தரை அதை உரசிப் பிடித்து வைத்திருக்கிறது. எதிர்காற்றில் “நிலத்தோடு விளையாடு” என்று பயிற்றுநர் கத்துவது வெறும் பழமைவாதம் இல்லை.

நிலத்தோடு விளையாடினால் நிலம் எப்படி என்பது வந்துவிடும். இரண்டு மீற்றர் உயரத்திலிருந்து விட்ட பந்து 60 முதல் 100 சென்ரிமீற்றர் வரை எழும்ப வேண்டும் என்பது செயற்கைப் புல் மைதானங்களுக்கு ஃபீஃபா வைத்திருக்கும் அளவு. ஆடி மாதத்து இறுகிய களிமண் அந்த மேல்வரம்பை மதிக்காது. நகரத்தில் அமெரிக்க யேசுசபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கிய மைதானத்தில் பழகிய கால்களுக்கு முதல் கால்மணி நேரம் பந்து எப்போதும் எதிர்பார்த்ததைவிட அரை அடி உயரமாக வரும். எந்த மூலையில் மாட்டுக்குளம்பு பதிந்த பள்ளம் என்று உள்ளூரானுக்குத் தெரியும். இந்தப் பழக்கத்துக்கு ஒரு மதிப்பு இருப்பதை ரிச்சர்ட் பொல்லார்ட் என்ற ஆய்வாளர் 2002இல் காட்டினார். வட அமெரிக்காவில் பேஸ்போல், கூடைப்பந்து, பனி ஹொக்கி அணிகள் அதே ஊரில் புதிய அரங்குக்கு மாறியபோது, முதற் பருவத்தில் அவற்றின் சொந்த மைதான அனுகூலம் ஏறத்தாழக் கால்வாசி குறைந்தது. ஆட்களும் ஊரும் மாறவில்லை. தரையும் சுவரும்தான் மாறின.

மைதானத்தின் இயற்கை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 3,600 மீற்றர் உயரத்திலுள்ள லா பாஸ் உச்ச எடுத்துக்காட்டு. 2009 ஏப்ரல் 1 அன்று மரடோனா பயிற்றுவித்த, மெஸ்ஸி ஆடிய ஆர்ஜென்ரீனாவை அங்கே பொலிவியா 6-1 என்று கவிழ்த்தது. வவுணதீவு கடல்மட்டத்தோடு கிடக்கும் ஊர். அந்த உதவி இங்கே கிடையாது.

பார்வையாளர்களை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கைகாட்டும் இடம் அதுதான், ஆனால் நாம் நினைக்கும் வழியில் அல்ல. சத்தம் வீரரைவிட மத்தியஸ்தரிடம் அதிகம் வேலை செய்கிறது. 2002இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், தகுதிபெற்ற 40 மத்தியஸ்தர்களுக்கு ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களைக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் இரைச்சலோடு, மீதிப் பேருக்கு ஒலியில்லாமல். இரைச்சல் கேட்டவர்கள் சொந்த அணிக்கு எதிராக 15.5 வீதம் குறைவாகத் தவறு காட்டினார்கள். ஸ்பெயினின் முதற்தர லீக்கை ஆராய்ந்தவர்கள், சொந்த அணி ஒரு கோலால் பின்தங்கியிருந்தால் மேலதிக நேரம் நான்கு நிமிடமளவிலும், ஒரு கோலால் முந்தியிருந்தால் இரண்டு நிமிடமளவிலும் இருந்ததைக் கண்டார்கள். இவர்கள் இலஞ்சம் வாங்கியவர்கள் இல்லை. ஆயிரம் பேர் ஒரே குரலில் “ஓ” என்றால் அந்த மோதல் எவ்வளவு பலமானது என்று கணிப்பதில் காதும் பங்கெடுத்துவிடுகிறது. 2020 மே மாதம் கொரோனா இடைநிறுத்தத்துக்குப் பிறகு ஜேர்மன் லீக் வெறும் இருக்கைகளின் முன்னால் தொடர்ந்தபோது, பத்தில் நான்குக்கு மேலிருந்த சொந்த மைதான வெற்றிகள் மூன்றில் ஒன்றளவுக்கு இறங்கின. வீரர்களின் உடம்பிலும் ஏதோ நடக்கிறது; சொந்த மைதானத்தில் ஆட்டத்துக்கு முன் உமிழ்நீரில் டெஸ்டொஸ்டெரோன் கூடியிருந்ததை 2003இல் இங்கிலாந்தில் அளந்திருக்கிறார்கள். ஆனால் விசிலின் கணக்குத்தான் எனக்கு உறுதியாகப் படுகிறது.

படுவான்கரையில் இருக்கைகள் இல்லை. சனம் எல்லைக் கோட்டோடு நிற்கும், துணை மத்தியஸ்தரின் முதுகுக்கு ஒரு முழம் பின்னால். இந்த ஒரு விடயத்தில் சிறிய மைதானம் ஐரோப்பாவின் பெரிய அரங்கைவிட அனுகூலமானது.

கடைசியாக நாணயச் சுழற்சி. 2019இல் விதி மாறிய பிறகு, வென்ற அணித்தலைவர் எந்தக் கோலை நோக்கித் தாக்குவது என்பதையோ முதல் உதையையோ தேர்ந்தெடுக்கலாம். கச்சான் நாளில் முதல் உதை ஒரு பொருட்டே அல்ல. கிழக்கு மேற்காகக் கிடக்கும் மைதானம் என்றால் முதல் பாதியில் காற்றோடு கிழக்கு நோக்கித் தாக்க வேண்டும்; வெயில் தாழத் தரைக்காற்று தணிவது வழக்கம், ஆகவே இரண்டாம் பாதியில் எதிர்கொள்ளும் காற்று பலங்குறைந்தது. சிக்கல் என்னவென்றால், பக்கம் மாறியதும் நம் கோல் காப்பாளர் கிழக்குக் கோலில் நின்று மேற்கைப் பார்க்க வேண்டும். யூன் மாதத்தில் இங்கே சூரியன் ஆறரைக்குச் சற்று முன் மறையும். நான்கு மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தின் கடைசி அரை மணி நேரம் வெயில் நேரே கண்ணில். காற்றா வெயிலா என்றால் நான் காற்றைத்தான் எடுப்பேன். காற்றுக்கு மருந்து கிடையாது. வெயிலுக்குக் கோல் காப்பாளர் தொப்பி போடலாம், விதியில் இடமிருக்கிறது.