ஜின்செங் சாப்பிட்டா மூளை வேகமா ஓடுமா?

மாடல் எக்ஸாமுக்கும் செமஸ்டருக்கும் நடுவுல இருக்கிற அந்தப் பத்து நாள்ல எங்க ஹாஸ்டல் ரூமுக்கு ஒரு கேப்ஸ்யூல் பாட்டில் வந்தது. லேபிள்ல பெரிய எழுத்துல 'இந்தியன் ஜின்செங்'. ரூம்மேட் எனக்கும் ரெண்டு நீட்டினான். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தா, பொடி எழுத்துல வித்தானியா சோம்னிஃபெரா. அதாவது நம்ம அமுக்கரா கிழங்கு, அஸ்வகந்தா. கத்தரிக்காய், தக்காளி குடும்பத்துச் செடி. ஜின்செங் வேற குடும்பம். அமுக்கராவுக்கு அந்தப் பேர் ஒரு பட்டம், அவ்வளவுதான்.

உண்மையான ஜின்செங் 'பானாக்ஸ்' இனத்தைச் சேர்ந்தது. கிரேக்கத்துல அந்தப் பேருக்கு எல்லாத்தையும் குணமாக்குவதுன்னு அர்த்தம். பேரே விளம்பரம்! சீன மொழியில 'ரென்ஷென்', மனித வேர். வேர் ரெண்டாகப் பிரிஞ்சு கை கால் மாதிரி இருக்கும். நிழல்ல மெதுவா வளர்கிற செடி, வேரைத் தோண்ட 4 முதல் 6 வருஷம் காத்திருக்கணும். அப்படியே காயவைத்தால் வெள்ளை ஜின்செங், ஆவியில் வேகவைத்துக் காயவைத்தால் சிவப்பு ஜின்செங்.

இதுல எனக்குப் பிடிச்ச கதை ஒண்ணு இருக்கு. ஜார்த்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் மஞ்சூரியாவில் இந்தச் செடியைப் பார்த்துவிட்டு 1711-ல் ஒரு கடிதம் எழுதினார். இதே மாதிரி மலையும் காடும் கனடாவில் இருப்பதால் அங்கேயும் இது கிடைக்கலாம் என்று அதில் ஒரு ஊகம். கனடாவில் இருந்த லஃபித்தோ என்ற இன்னொரு பாதிரியார் அதைப் படித்துவிட்டுத் தேட ஆரம்பித்தார். 1716-ல் மான்ட்ரியல் பக்கத்திலேயே கண்டுபிடித்தார். அது அமெரிக்க வகை, பானாக்ஸ் குயின்குஃபோலியஸ். அதுக்கப்புறம் காட்டு வேரைத் தோண்டி சீனாவுக்கு அனுப்புவது பெரிய வியாபாரம் ஆயிடுச்சு. 1784-ல் சுதந்திர அமெரிக்காவிலிருந்து சீனாவுக்குப் போன முதல் வணிகக் கப்பலின் முக்கியச் சரக்கே ஜின்செங்தான்.

'சைபீரியன் ஜின்செங்' என்று ஒண்ணு விற்பாங்க. அதுவும் பானாக்ஸ் இல்லை. அமெரிக்காவில் 2002-ல் வந்த சட்டப்படி அதை ஜின்செங் என்று சொல்லி விற்கவே கூடாது.

சரி, வேலை செய்யுமா? வேரில் இருக்கும் முக்கியமான பொருள்களுக்கு ஜின்செனோசைடு என்று பேர். பிரச்சினை என்னன்னா, இவை குடலில் அப்படியே சரியாக உறிஞ்சப்படுவதில்லை. குடல் பாக்டீரியாக்கள் அவற்றில் இருக்கும் சர்க்கரைத் துண்டுகளை வெட்டி 'காம்பவுண்ட் கே' என்ற வேற பொருளாக்கிய பிறகுதான் ஒழுங்காக ரத்தத்துக்குப் போகும். உங்க குடல் பாக்டீரியாவும் என்னோடதும் ஒண்ணு இல்லை. இன்புட் ஒரே கேப்ஸ்யூல், அவுட்புட் ஆளுக்கு ஆள் மாறும். இதோட வேற வேற வகை, வேற வேற அளவு, குறைஞ்ச ஆட்கள் என்று ஆய்வுகளும் சிதறிக் கிடக்கு. ஒரு ஆய்வின் முடிவை இன்னொன்றோடு ஒப்பிடுவதே கஷ்டம்.

நமக்கு வேண்டியது ஞாபக சக்திதானே? அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் சலித்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2010-ல் சொன்னது இது: ஆரோக்கியமானவர்களின் அறிவுத்திறனை ஜின்செங் கூட்டுகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. எனர்ஜி டிரிங்க் கேன்ல ஜின்செங் என்று போட்டிருந்தாலும், ராத்திரி மூணு மணிக்கு உங்களை முழிக்க வைக்கிறது பெரும்பாலும் அதுல இருக்கிற காஃபின்தான்.

ஆனா எல்லாமே பூஜ்யம் இல்லை. கனடாவில் 323 பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வில், நான்கு மாதம் அமெரிக்க ஜின்செங் சாறு சாப்பிட்டவர்களுக்கு சராசரியாக 0.68 முறை சளி பிடித்தது, போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 0.93 முறை. வித்தியாசம் நிஜம். ஆனா கணக்குப் போட்டா, ஒரே ஒரு சளியைத் தவிர்க்க நாலு பேர் நாலு மாசம் மாத்திரை போடணும்! இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது 2013-ல் வெளியான புற்றுநோய்ச் சோர்வு ஆய்வு. 364 நோயாளிகள், தினம் 2000 மில்லிகிராம் அமெரிக்க ஜின்செங். நாலாவது வாரத்தில் சொல்லும்படி மாற்றம் இல்லை, எட்டாவது வாரத்தில் போலி மாத்திரை எடுத்தவர்களைவிட சோர்வு குறைந்திருந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் ரெண்டு கேப்ஸ்யூல் போடுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு கவனிச்சீங்களா?

'மூலிகைதானே, என்ன ஆயிடும்' என்று கேட்பவர்களுக்கு ஒண்ணு. 2004-ல் 20 ஆரோக்கியமானவர்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையோடு அமெரிக்க ஜின்செங்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரையின் வேலை குறைந்தது. கொரிய வகையை வைத்து நடந்த இன்னொரு ஆய்வில் இந்த மாற்றம் தெரியவில்லை. ஆனா பாக்கெட்டில் எந்த வகை இருக்குன்னு நம்மில் எத்தனை பேர் பார்த்து வாங்குறோம்? இதய வால்வு மாற்றினவர்களுக்கு அந்த மாத்திரை வேலை செய்யலைன்னா வால்வில் ரத்தம் கட்டும், பக்கவாதம் வரைக்கும் போகலாம். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் கவனமா இருக்கணும், ரத்தச் சர்க்கரையை ஜின்செங் இன்னும் இறக்கலாம்.

அதனால சிங்கப்பூர்லேர்ந்து மாமா கொண்டுவந்த ஜின்செங் டீ பாக்கெட் வீட்டுல இருந்து, தாத்தா வார்ஃபரின் சாப்பிடுறவரா இருந்தா, இன்னைக்கே போன் பண்ணுங்க. டாக்டரிடம் கேட்கிற வரைக்கும் அவர் அதைக் குடிக்க வேண்டாம். ஏற்கெனவே குடிச்சிட்டு இருந்தார்னா, அதையும் மறைக்காம டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்க. ஐஎன்ஆர் டெஸ்ட் எடுத்துப் பார்ப்பாங்க.