நீல அட்டையின் மறுபாதி

சிங்கப்பூர் நிரந்தரவாசி ஒருவரிடம் இரண்டு அனுமதிகள் உண்டு. முதலாவது நுழைவு அனுமதி. கையில் இருக்கும் நீல நிற அடையாள அட்டை அதற்குச் சாட்சி. இரண்டாவது மறுநுழைவு அனுமதி. தேக்கா கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் இதை ஆர்.இ.பி. என்றே சொல்வார்கள். முதலாவது இங்கே குடியிருக்கும் உரிமையைத் தருகிறது; நாட்டை விட்டு வெளியே போகும்போது அந்த உரிமை அறுந்துபோகாமல் பிடித்துவைப்பது இரண்டாவது. நீல அட்டையில் காலாவதித் தேதி கிடையாது. ஆர்.இ.பி.க்கு உண்டு. அட்டையில் தேதி இல்லாததைப் பார்த்து, தகுதிக்கும் தேதி இல்லை என்று நம்பிவிட்டவர்கள் ஏராளம். வெளிநாட்டில் நெடுநாள் தங்கி நிரந்தரவாசத் தகுதியை இழந்த பலருடைய கதை இந்த நம்பிக்கையில்தான் தொடங்குகிறது.

1959-ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம் இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஆர்.இ.பி. முடிந்துபோனாலும், சிங்கப்பூருக்குள் இருக்கும்வரை ஒருவர் நிரந்தரவாசிதான். வேலைக்குப் போகலாம், மத்திய சேம நிதியில் பணம் சேரும், பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். நாட்டின் எல்லையைத் தாண்டும்போதுதான் சிக்கல் எழும். அங்கே எத்தனை நாள் வெளியே இருந்தார் என்று சட்டம் எண்ணுவதில்லை. கையில் உயிருள்ள ஆர்.இ.பி. இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. நான்கரை ஆண்டு துபாயில் வேலை பார்த்துவிட்டு, அனுமதி முடிய ஒரு மாதம் இருக்கும்போது சாங்கியில் இறங்குபவர் நிரந்தரவாசியாகவே உள்ளே வருகிறார். அனுமதி முடிந்த மறுநாள் அரை மணி நேரத்துக்கு வெளியே போய் வருபவரின் நிலை அப்படியல்ல.

இந்த அரை மணி நேரம் கற்பனை அன்று என்பது மார்சிலிங்கில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். மார்சிலிங் எம்ஆர்டி நிலையம் 1996 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அங்கிருந்து 950-ஆம் எண் பேருந்தில் ஏறினால் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி. அதற்கு அப்பால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான கடற்பாலம். பாலத்தின் மறுமுனையில் ஜோகூர் பாரு. சனிக்கிழமை காலையில் அந்தப் பேருந்தில் நிற்க இடம் கிடைக்காது. மளிகை வாங்குபவர்கள், முடி வெட்டிக்கொள்ளப் போகிறவர்கள், கிள்ளானிலிருந்தோ சிகாமட்டிலிருந்தோ வந்து இங்கே நிரந்தரவாசியாகி, அம்மாவைப் பார்க்கப் போகும் மலேசியத் தமிழர்கள் என்று எல்லோரும் அதில்தான். அவர்களுக்கு இது வெளிநாட்டுப் பயணமாகவே தோன்றாது. சட்டத்தின் கண்ணில் இதுவும் சென்னைக்கோ லண்டனுக்கோ போவதும் ஒன்றே.

2025 நவம்பர் இறுதி வரை இந்த விதி மிகக் கடுமையாக இருந்தது. செல்லுபடியாகும் ஆர்.இ.பி. இல்லாமல் வெளியே இருந்தால் தகுதி போய்விடும். ஊரில் இருக்கும்போது அது காலாவதியானாலும், காலாவதியானதைக் கவனிக்காமல் எல்லையைக் கடந்தாலும் முடிவு ஒன்றே. 2023 செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடிநுழைவுச் சட்டத் திருத்தம் இதை மாற்றியது. 2025 டிசம்பர் 1 முதல், உயிருள்ள ஆர்.இ.பி. இல்லாமல் வெளிநாட்டில் இருக்கும் நிரந்தரவாசிக்குப் புதிய அனுமதி கேட்க 180 நாள் அவகாசம் உண்டு. அந்தக் கெடுவுக்குள் விண்ணப்பிக்கவில்லை என்றாலோ, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலோ தகுதி முடிந்துவிடும். தாயின் மருத்துவமனைப் படுக்கைக்கு அருகில் உட்கார்ந்து தேதியை மறந்துவிட்டவருக்கும், திட்டமிட்டே திரும்பாமல் போனவருக்கும் ஒரே தண்டனை என்ற நிலையை இது ஓரளவு சரிசெய்திருக்கிறது. வெகு காலம் முன்பே வந்திருக்க வேண்டிய திருத்தம் இது.

திரும்பி வருவதற்கென்று தனித் தாள் வேண்டும் என்ற விதி, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு மூன்று தலைமுறைப் பழக்கம். 1953 ஆகஸ்ட் 1-இல் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர் சிங்கப்பூரில் இறங்குவதற்குப் பெரிய தடை இருக்கவில்லை. குடும்பத்தைத் தஞ்சாவூரிலோ இராமநாதபுரத்திலோ கடையநல்லூரிலோ விட்டுவிட்டு, மூன்று நான்கு ஆண்டு இங்கே உழைத்து, ஓராண்டு ஊரில் இருந்துவிட்டு மறுபடி 'ரஜுலா' கப்பலில் வந்தார்கள். அந்தச் சட்டத்துக்குப் பிறகு ஊருக்குப் போவதென்றால் பெட்டி கட்டுவது மட்டும் போதாது. திரும்பி வருவதற்கான அனுமதியும் மடியில் பத்திரமாக இருந்தாக வேண்டும். 1959-இல் விதி இன்னும் இறுகியது. 1954 டிசம்பருக்குப் பிறகு கணவனைப் பிரிந்து தொடர்ந்து ஐந்து ஆண்டு வாழ்ந்த மனைவி வர முடியாது, ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளை வர முடியாது என்று ஆனது. இங்கே உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பிய கணவன்மாரின் குடும்பங்களை இந்த ஒரு விதி எப்படி வெட்டியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. 1966-இல் மறுபதிவு நடந்தபோது குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டையும் நிரந்தரவாசிகளுக்கு நீல அட்டையும் வந்தன. வண்ணம் அன்றிலிருந்து மாறவில்லை.

இன்று ஆர்.இ.பி. பொதுவாக ஐந்து ஆண்டுக்கு வழங்கப்படுகிறது. கட்டணம் ஆண்டுக்குப் பத்து வெள்ளி. ஐந்து ஆண்டுக்கு ஐம்பது. சில சமயம் ஓராண்டுக்கு மட்டுமே கிடைக்கும். அந்த ஓராண்டு அனுமதியை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதே நல்லது. காலாவதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அனுமதி, தனித்தனித் தேதி. கணவனுக்குப் புதுப்பித்தபோது மனைவிக்கும் ஆகியிருக்கும் என்று எண்ணிவிடுவது அடிக்கடி நிகழும் பிழை.

புதுப்பிக்கும்போதுதான் 'எத்தனை நாள் வெளியே இருந்தீர்கள்' என்ற கேள்வி மறைமுகமாக வந்து நிற்கிறது. ஆண்டுக்கு இத்தனை நாள் சிங்கப்பூரில் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்த கணக்கு எதுவும் கிடையாது. விண்ணப்பதாரரின் வேர் இங்கே இருக்கிறதா என்று ஆணையம் பார்க்கிறது: வேலை, சம்பளம், வருமான வரி, சேம நிதிப் பங்களிப்பு, இங்கே வாழும் துணைவரும் பிள்ளைகளும். சிங்கப்பூர் நிறுவனமே ஒருவரைச் சென்னைக் கிளைக்கு அனுப்பியிருந்தால், அதைச் சொல்லும் முதலாளியின் கடிதம் பெரும் பலம். சொந்த முடிவில் வேலையை விட்டு, மன்னார்குடியில் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள மூன்று ஆண்டு தங்கியவரிடம் அப்படி ஒரு கடிதம் இருக்காது. அவர் போன காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், சேம நிதிக் கணக்கில் அந்த மூன்று ஆண்டும் வெறுமையாகத்தான் தெரியும். ஆகவே, நீண்ட காலம் வெளியே போகத் திட்டமிடுபவர் கிளம்பும் முன்பே தேதியைக் கணக்கிட வேண்டும். புதுப்பிக்கும் நாள் வெளியே இருக்கும் காலத்தின் நடுவில் விழுந்தால், இங்கே வேலையில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிட்டுப் புறப்படுவது நல்லது. மூன்று மாதச் சாளரம் அதற்கு இடம் தராவிட்டால், மருத்துவச் சான்றுகளையும் வரி மதிப்பீட்டுத் தாள்களையும் குடும்பத்தார் இங்கே வாழ்வதற்கான ஆதாரங்களையும் ஒரே கோப்பில் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சின்ன விஷயங்களில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். விண்ணப்பம் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளத்தின் வழியாகத்தான் போகும். ஊருக்குப் போனதும் சிங்கப்பூர்க் கைபேசி எண்ணை நிறுத்திவிட்டால், ஒருமுறை மறைச்சொல் வரும் வழி அடைபடும். மாதம் சில வெள்ளி செலவில் அந்த எண்ணை உயிரோடு வைத்திருப்பது வீண் செலவு அல்ல. கடப்பிதழ் இன்னொன்று. பத்தாண்டுக் கடப்பிதழைச் சென்னையிலோ திருச்சியிலோ புதுப்பித்தவர், மூலை வெட்டப்பட்ட பழையதைப் பெட்டியில் போட்டுவிட்டுப் புதியதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார். ஆர்.இ.பி. பழைய எண்ணோடு பதிவாகி இருக்கிறது. புதிய கடப்பிதழ் எண்ணுக்கு அதை மாற்றிக்கொள்ள ஆணையத்திடம் தெரிவிப்பதும் நிரந்தரவாசியின் வேலைதான்.

வீடும் பயணத் திட்டத்தைக் கட்டுப்படுத்தும். இருவரும் நிரந்தரவாசிகளாக இருக்கும் தம்பதியர், தகுதி பெற்று மூன்று ஆண்டு ஆன பிறகே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மறுவிற்பனை வீடு வாங்க முடியும். வாங்கிய வீட்டை முழுவதுமாக வாடகைக்கு விட நிரந்தரவாசிகளுக்கு அனுமதி இல்லை. அந்த உரிமை குடிமக்களுக்கே. மார்சிலிங்கில் நான்கறை வீடு வைத்திருக்கும் நிரந்தரவாசிக் குடும்பம் மூன்று ஆண்டு கோயம்புத்தூரில் தங்க நினைத்தால், வாடகை வரும் என்ற நம்பிக்கையில் கணக்குப் போடக் கூடாது.

மகன் இருக்கும் வீட்டில் கணக்கு இன்னும் கனமானது. பெற்றோரின் ஆதரவில் நிரந்தரவாசியான ஆண் பிள்ளைக்குத் தேசிய சேவைக் கடமை உண்டு. பதினாறரை வயதில் பதிவு. பதின்மூன்று வயது ஆன பிறகு மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க வேண்டுமானால் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். வயதையும் தங்கும் காலத்தையும் பொறுத்துப் பிணைப்பத்திரமும் கேட்கப்படும். அதன் அளவு குறைந்தது 75,000 வெள்ளி. சேவை செய்யாமல் தகுதியைத் துறந்த பிள்ளை பின்னாளில் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பித்தால், அது அவனுக்கு எதிராக எண்ணப்படும். பெற்றோரின் ஆர்.இ.பி. புதுப்பிப்பையும் அது பாதிக்கலாம். "தாத்தா வீட்டில் இருந்து படிக்கட்டும்" என்று பன்னிரண்டு வயதுப் பையனை ஊருக்கு அனுப்பும் முன், பெற்றோர் இதை உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

தகுதியின் மதிப்பு என்ன என்பது பெருந்தொற்றுக் காலத்தில் வெளிச்சமாகத் தெரிந்தது. 2020 மார்ச்சில் இந்தியா பயணிகள் விமானங்களை நிறுத்தியபோது விடுமுறைக்குப் போனவர்கள் ஊரிலேயே மாட்டிக்கொண்டார்கள். 2021 ஏப்ரல் 23 இரவு முதல், அண்மையில் இந்தியாவில் இருந்த நீண்டகால அனுமதி அட்டைதாரர்களுக்குச் சிங்கப்பூர் கதவடைத்தது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வரலாம் என்றது. ஒரே நிறுவனத்தில் ஒரே மேசையில் வேலை பார்த்த இருவரில் ஒருவர் தனிமைப்படுத்தலை ஏற்றுத் திரும்பி வந்தார், மற்றவர் காத்திருந்தார்.

மற்ற நாடுகள் இதே கேள்வியை வேறு அளவுகோல்களால் அளக்கின்றன. கனடா ஐந்து ஆண்டில் 730 நாள் உள்ளே இருக்கச் சொல்கிறது. பிரிட்டனில் காலவரையற்றுத் தங்கும் அனுமதி, தொடர்ந்து இரண்டு ஆண்டு வெளியே இருந்தால் பொதுவாக முடிந்துவிடும். அமெரிக்காவில் ஓராண்டுக்கு மேல் வெளியே இருக்க நினைக்கும் கிரீன் கார்டுக்காரர், கிளம்பும் முன் அந்நாட்டுக்குள் இருந்தபடியே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்; அது பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குச் செல்லும். அங்கெல்லாம் நாள் எண்ணிக்கை வெளிப்படையாக இருக்கிறது. சிங்கப்பூர் முறையில் நெகிழ்வு கூடுதல். அதனால் நிச்சயத்தன்மை குறைவு.

தகுதி போய்விட்டால் நீல அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சேம நிதிப் பணம் போய்விடாது. சிங்கப்பூரையும் மேற்கு மலேசியாவையும் விட்டு நிரந்தரமாகப் போகிறவர் அதை எடுத்துக்கொள்ளலாம், எடுக்கும்வரை வட்டி சேரும். திரும்பி வர நினைப்பவருக்குப் பழைய தகுதி கதவைத் திறக்காது. பெரும்பாலும், தகுதியான வேலை அட்டையோ, குடிமகன் அல்லது நிரந்தரவாசியான துணைவரின் ஆதரவோ இருந்தால்தான் புதிதாக விண்ணப்பிக்க முடியும். 2008-இல் 79,167 பேர் நிரந்தரவாசிகளானார்கள். 2010-இல் அது 29,265 ஆகக் குறைந்தது. பிறகும் ஏறக்குறைய அந்த அளவிலேயே நின்றது. விண்ணப்பக் கட்டணம் நூறு வெள்ளி, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்பாது. கிடைத்தால் நுழைவு அனுமதிக்கு இருபது, நீல அட்டைக்கு ஐம்பது, ஐந்து ஆண்டுத் தேதி போட்ட புதிய ஆர்.இ.பி.க்கு இன்னொரு ஐம்பது.