ஐந்து நிமிடச் சவாரி, ஆறாண்டு உழைப்பு

2025-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் ஒரு செய்தி வெளியாயிற்று. டிஸ்னி நிறுவனத்தின் ஏழாவது கேளிக்கை நகரம் அபூதாபியின் யாஸ் தீவில் அமையவிருக்கிறது என்பதே அச்செய்தி. தந்தையோ, தமையனோ, தாய்மாமனோ வளைகுடாவில் இல்லாத குடும்பம் நம் கடற்கரை ஊர்களில் அரிது. ஆகவே அமெரிக்காவில் பிறந்த ஒரு கனவு இப்பொழுது நம் வீட்டுத் தொலைபேசிக்கு எட்டும் தூரத்திற்கு வந்துவிட்டது. "வாப்பா, அதை எப்பொழுது திறப்பார்கள்?" என்று பிள்ளைகள் கேட்காமல் இருப்பார்களா?

விடையை அந்நிறுவனமே சொல்லிவிட்டது. அறிவிப்பின்போது தலைமை நிர்வாகியாக இருந்த பாப் ஐகர், திட்டம் தீட்டி முடிக்க 18 முதல் 24 மாதங்கள் வரை ஆகும், அதன்பின் கட்டி முடிக்க ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆகும் என்றார். கூட்டிப் பார்த்தால் ஏழாண்டுக்குச் சற்றே குறைவு. செய்தி வந்த நாளில் எட்டு வயதாயிருந்த பிள்ளை, வாயில் திறக்கும் நாளில் மீசை அரும்பும் வயதை எட்டியிருப்பான்.

கேளிக்கையைப் பற்றி இவ்விதழில் எழுதுவதா என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இருக்கக்கூடும். களியாட்டத்தைப் புகழ்வது என் நோக்கமன்று. ஆயினும் விடுமுறைதோறும் நம் குடும்பங்கள் இத்தகைய இடங்களுக்குச் செல்கின்றன. பெற்ற பிள்ளையை ஓர் இருக்கையில் அமர்த்தி, ஓர் இரும்புப் பிடியை நம்பி, வானத்தில் ஏற்றிவிடுகின்றன. அந்த நம்பிக்கை எதன் மீது நிற்கிறது என்பதை அறிந்துகொள்வது வீண் வேலையாகாது.

ஓராண்டில் எழுந்த பூங்கா

இவ்வகைப் பூங்காக்களுக்கெல்லாம் முன்னோடி, கலிபோர்னியா மாநிலத்தின் அனாஹைம் நகரில் உள்ள டிஸ்னிலேண்ட். 1954-ஆம் ஆண்டு ஜூலையில் ஆரஞ்சுத் தோப்புகளை அழித்து வேலை தொடங்கியது; 1955 ஜூலை 17-ஆம் நாள் திறப்பு விழா நடந்தேறியது. சரியாக ஓராண்டு! ஒரு கோடியே 70 இலட்சம் டாலர் செலவு. தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது, கடன் தந்தவர்கள் காத்திருந்தார்கள், தள்ளிப்போட வழியில்லை.

அந்த அவசரத்தின் கூலி அன்றைக்கே கிடைத்தது. கடும் வெயில். புதிதாகப் போட்ட தார் இளகியதால் பெண்களின் உயர்ந்த குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. குழாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால், கழிப்பறைகளை முடிப்பதா, குடிநீர்க் குழாய்களை முடிப்பதா என்ற இக்கட்டு நேர்ந்தது. வால்ட் டிஸ்னி கழிப்பறைகளைத் தேர்ந்தார். நாவறண்ட மக்களோ, குளிர்பானம் விற்பதற்காகவே தண்ணீரை நிறுத்திவிட்டார்கள் என்று ஏசினார்கள். கள்ளச் சீட்டுகளோடு ஆயிரக்கணக்கானோர் உள்ளே புகுந்தனர். எரிவாயுக் கசிவினால் பூங்காவின் ஒரு பகுதியையே சிறிது நேரம் மூட நேர்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பூங்காவின் ஊழியர்களே பிற்காலத்தில் 'கறுப்பு ஞாயிறு' என்று அழைத்தனர்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. கட்டியது ஓராண்டில் என்றாலும் எண்ணியது ஓராண்டில் அன்று. 1948-லேயே வால்ட் டிஸ்னி இத்தகைய பூங்காவைப் பற்றிக் குறிப்பெழுதி வைத்திருந்தார். ஓவியர் ஹெர்ப் ரைமன் முழுப் பூங்காவின் தோற்றத்தையும் 1953 செப்டம்பரில் ஒரு வார இறுதிக்குள் வரைந்து தந்தார். அப்படத்தைக் காட்டித்தான் முதலீடு திரட்டினார்கள். மண் வெட்டுவதற்கு முன் ஆறாண்டுச் சிந்தனை கடந்து போயிருந்தது.

ஆறாண்டு பூட்டிக் கிடந்த மாளிகை

டிஸ்னிலேண்டில் 'ஹான்டட் மேன்ஷன்' என்றொரு மாளிகை உண்டு. ஆவிகள் உலவுவதாகக் கற்பனை செய்யப்பட்ட வீடு. அந்தக் கற்பனையில் நமக்கு நாட்டமில்லை. அதன் கட்டுமானக் கதைதான் நமக்கு வேண்டியது. 1961-ஆம் ஆண்டிலேயே, "1963-ல் வருகிறது" என்று வாயிலில் துண்டறிக்கைகள் வழங்கினார்கள். சொன்னபடி 1963-ல் வெளிக்கட்டடம் வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றது. ஆனால் உள்ளே ஒன்றுமில்லை! 1969 ஆகஸ்ட் 9 வரை, ஆறாண்டுகள், அது கதவடைத்தே கிடந்தது.

ஏன்? முதற் காரணம், 1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சி. நான்கு அரங்குகளை அமைக்கும் பொறுப்பை ஏற்றதால், வடிவமைப்பாளர் அனைவரும் அப்பக்கம் திருப்பப்பட்டனர். அடுத்து, 1966 டிசம்பர் 15-ல் வால்ட் டிஸ்னி காலமானார். முடிவு சொல்லும் நா அடங்கிவிட்டது. மாளிகை அச்சுறுத்த வேண்டுமா, சிரிக்க வைக்க வேண்டுமா என்று வடிவமைப்பாளரிடையே கருத்து வேற்றுமை வேறு.

இவை எல்லாவற்றினும் பெரிய முட்டுக்கட்டை ஒன்றிருந்தது. வெளியிலிருப்போருக்கு அது புலப்படாது. மக்கள் நடந்து சென்று பார்க்கும்படியாகத்தான் மாளிகையை முதலில் எண்ணியிருந்தார்கள். நடப்பவர்கள் நிற்பார்கள், குழந்தை அழும், பின்னால் வருவோர் தேங்குவர். மணிக்குச் சில நூறு பேரே செல்ல முடியும். வாசலில் காத்திருப்போரோ ஆயிரக்கணக்கில். இறுதியில், நிற்காமல் சங்கிலிபோல் ஓடிக்கொண்டே இருக்கும் இருக்கைகளைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வோர் இருக்கையும் காட்டவேண்டிய திசையில் தானே திரும்பும். 1967-ல் வேறொரு காட்சிக்காக அமைத்த அந்தப் பொறியே மாளிகையின் பூட்டைத் திறந்தது. ஒரு சவாரியைத் திட்டமிடுவோர் முதலில் போடும் கணக்கு அழகைப் பற்றியதன்று. ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்கலாம் என்பதே.

அருகிலிருக்கும் கடற்கொள்ளையர் காட்சியின் வரலாறும் இத்தகையதே. முதலில் மெழுகுப் பொம்மைகளை நடந்து பார்க்கும் கூடமாகத்தான் அதனை நினைத்தார்கள். பள்ளம் தோண்டி இரும்புத் தூண்களை நட்டபின் வேலை நின்றது. நியூயார்க் கண்காட்சியில் படகில் மக்களை ஏற்றிச் செல்லும் முறையும், அசைந்து பேசும் பொம்மைகளும் வெற்றி பெற்றதைக் கண்டதும் பழைய வரைபடத்தை ஒதுக்கிவிட்டுப் புதிதாய்த் தொடங்கினார்கள். 1967 மார்ச்சில் அது திறக்கப்பட்டது; எண்ணியவர் அதைக் காண இருக்கவில்லை. தாமதம் என்று நாம் நினைக்கும் காலத்திற்குள் ஒரு படிப்பினை புகுந்து வேலை செய்திருக்கிறது. மெழுகுக் கூடத்தைக் குறித்த நாளில் முடித்திருந்தால் இன்று அதை யார் நினைப்பார்?

'ஸ்பேஸ் மவுண்டன்' என்ற விண்வெளிச் சவாரியோ அறுபதுகளின் நடுவில் எண்ணத்தில் உதித்து, புளோரிடாவில் 1975-லும் கலிபோர்னியாவில் 1977-லும்தான் திறக்கப்பட்டது. இருட்டில் பல வண்டிகளை ஒன்றோடொன்று மோதாமல் ஓட்டுவதற்குக் கணினி வேண்டும். அந்தக் கணினிக்காகவே கனவு பத்தாண்டு காத்திருந்தது. 1977-ல் இந்த ஒரு கட்டடத் தொகுதிக்கு ஆன செலவு, 1955-ல் பூங்கா முழுமைக்கும் ஆன செலவை விஞ்சிற்று.

பாலையில் நின்ற வாயில்

நம் ஊரில் பள்ளிவாசல் மினாரா எழும்ப ஆண்டுகள் ஆவது பெரும்பாலும் பணத்தட்டுப்பாட்டால். கோடிகள் புரளும் வளைகுடாவிலும் கதை அவ்வளவாக மாறுபடவில்லை. 2007-ல் துபையில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2010-ன் இறுதியில் திறப்பதாகச் சொன்னார்கள். 2008-ன் உலகப் பொருளாதார நெருக்கடி குறுக்கிட்டது. எழுந்தது நுழைவாயில் வளைவு மட்டுமே. அதன் பின்னால் வெறும் மணல். அவ்வழியே பணிக்குச் சென்று வந்த நம் சகோதரர்கள் ஆண்டுக்கணக்கில் அந்த வாயிலைப் பார்த்திருப்பார்கள். பூங்கா வரவேயில்லை.

அபூதாபியில் வார்னர் பிரதர்ஸ் பூங்காவைப் பற்றிய பேச்சு 2007-ல் எழுந்து, கிடப்பில் கிடந்து, 2016-ல் மீண்டும் அறிவிக்கப்பட்டு, 2018 ஜூலையில் திறக்கப்பட்டது. சீவேர்ல்டு 2016 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 மே மாதம் வாசல் திறந்தது.

ஒரு முறை செய்ததை மறுபடி செய்வது எளிதல்லவா என்று கேட்கத் தோன்றும். ஷாங்காய் டிஸ்னியில் 2016-ல் ஓடத் தொடங்கிய 'ட்ரான்' என்ற சவாரியைப் புளோரிடாவிலும் அமைக்கப்போவதாக 2017 ஜூலையில் அறிவித்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் சவாரி, வரைபடம் கையில். இடையில் கொரோனாவும் வந்தது. 2023 ஏப்ரலில்தான் பொதுமக்கள் ஏறினார்கள்! மண் வேறு, காற்று வேறு, கட்டட விதிகள் வேறு. அடித்தளக் கணக்கை ஒவ்வோர் ஊரிலும் புதிதாகப் போட்டாக வேண்டும். கந்தூரிக் காலத்தில் இரண்டே நாளில் இராட்டினத்தைப் பூட்டி முடிப்பதை இதற்கு ஒப்பிடக்கூடாது. அது முன்பே செய்து லாரியில் வருவது. அங்கே நடப்பது பூட்டுதல் மட்டுமே. அந்தப் பூட்டுதலை ஒவ்வோர் ஊரிலும் யார் சோதித்தார்கள் என்று கேட்பது நம் பொறுப்பு. நாமோ அதைக் கேட்பதில்லை.

ஆளில்லாமல் ஓடும் வண்டி

தண்டவாளம் பொருத்தி முடிந்ததும் திறந்துவிடுவதில்லை. முதலில், அமர்ந்திருப்பவர் கை கால் நீட்டினால் எட்டக்கூடிய எல்லை அளவுக்கு ஒரு சட்டத்தை வண்டியில் கட்டிப் பாதை முழுதும் இழுத்துச் சென்று, எதிலும் உரசுகிறதா என்று பார்ப்பார்கள். பின்னர் மனித எடைக்கு நீர் நிரப்பிய பொம்மைகளை அமர்த்தி, வாரக்கணக்கில் ஓட விடுவார்கள். பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன் செல்லும் வண்டி ஒரு பகுதியை விட்டு நீங்கினாலன்றிப் பின் வண்டி அதற்குள் புக முடியாதபடி கணினி தடுக்கும். அத்தடுப்பு வேலை செய்கிறதா என்றறிய வேண்டுமென்றே பிழைகளை உண்டாக்கிப் பார்ப்பதும் உண்டு. அமெரிக்காவில் இவற்றுக்கான தர விதிகளை வகுக்க 1978-ல் ஒரு குழு அமைந்தது. அதன் விதிகளை இன்று பல நாடுகள் பின்பற்றுகின்றன. ஒட்டகத்தைக் கட்டாமலே இறைவனை நம்பி விட்டுவிடலாமா என்று கேட்ட கிராமவாசிக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தந்த விடையை நம் மதரஸாப் பிள்ளைகள் அறிவார்கள்.

கட்டாமல் விட்டால் என்னாகும் என்பதற்கு அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் ஒரு நெஞ்சை உலுக்கும் சான்று இருக்கிறது. அங்கே ஒரு நீர்ப் பூங்காவினர் உலகிலேயே உயரமான நீர்ச்சறுக்கைக் கட்ட 2012-ல் முடிவு செய்தனர். 'வெரூக்ட்' என்று பெயர். ஜெர்மன் மொழியில் அதற்குப் பித்து என்று பொருள். ஐம்பது மீட்டரைத் தாண்டும் உயரம். ஏறிச் செல்ல 264 படிகள். சோதனையில் மணல் மூட்டைகளை ஏற்றிய மிதவைகள் இரண்டாம் மேட்டில் பாதையை விட்டு எகிறிப் பறந்தன. ஒரு பகுதியை இடித்துத் திருத்தினார்கள். மேலே வலையும் அதைத் தாங்க இரும்பு வளையங்களும் அமைத்தார்கள். திறப்பு நாள் பலமுறை தள்ளிப்போய் 2014 ஜூலையில் திறந்தார்கள். 2016 ஆகஸ்ட் 7-ஆம் நாள் மிதவை எகிறியது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அந்த வளையத்தில் மோதி உயிரிழந்தான்.

வடிவமைத்தவர்களுக்குப் பொறியியல் தகுதி இல்லை, தொலைக்காட்சி நிகழ்ச்சியைக் கவர்வதற்காக வேலையை விரைவுபடுத்தினார்கள் என்றெல்லாம் 2018-ன் குற்றப்பத்திரிகை கூறியது. முறையற்ற சான்றுகள் வைக்கப்பட்டன என்பதால் 2019-ல் நீதிபதி அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். சறுக்கு 2018-லேயே இடிக்கப்பட்டுவிட்டது. அச்சிறுவனின் தாய் தந்தையருக்கு இவற்றால் ஆகப்போவது என்ன?

இதற்கு மாறாக, சிங்கப்பூர் யுனிவர்சல் பூங்காவில் நடந்ததைக் காணுங்கள். 2010 மார்ச்சில் திறந்த இரட்டை ரோலர் கோஸ்டரில், ஒரு வாரத்திற்குள் இருக்கையில் பழுது தென்பட்டது. உடனே மூடினார்கள், ஏறத்தாழ ஓராண்டு மூடியே வைத்திருந்தார்கள். 2013-ல் மறுபடி மூடி, நான்கு பேர் அமரும் வண்டியை இருவருக்கானதாக மாற்றி 2015-ல் திறந்தார்கள். வரும்படி போயிற்று, ஆவலோடு வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள், ஆயினும் மூடினார்கள்.

நம் தாய்மார்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. சவாரியின் வாசலில் உயரம் அளக்கும் கோல் ஒன்று நிற்கும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பிள்ளை அழுகிறான், ஒரு விரற்கடை தானே குறைவு" என்று ஊழியரிடம் வாதாடுவதும், பிள்ளையை நுனிக்காலில் எம்பச் சொல்வதும் நம்மவரிடையே சாதாரணம். அந்தக் கோட்டை வரைந்தவர் அந்த ஊழியர் அல்லர். இருக்கையின் பிடி எந்த அளவு உடலை இறுகப் பிடிக்கும் என்று ஆண்டுக்கணக்கில் கணக்கிட்டவர்கள் வரைந்தது அது. உடையிலும் கவனம் வேண்டும். 2010-ல் ஆஸ்திரேலியாவில் சிறு பந்தய வண்டியை ஓட்டிய ஒரு முஸ்லிம் இளம்பெண், தம் மேலாடை சக்கரத்தில் சிக்கி உயிர் நீத்தார். சக்கரம் சுழலும் எந்தச் சவாரியிலும் துப்பட்டாவின் முனைகளை உள்ளே செருகி, ஊசி குத்தி, மேலாடையை மடித்து அமர வேண்டும். மானம் காக்கும் உடையைத் துறக்க வேண்டியதில்லை. அதைத் தளரத் தொங்கவிடாமல் இருந்தால் போதும். அப்படியும் இயலாது என்று ஊழியர் தடுத்தால், அந்தச் சவாரியை விட்டு இறங்கிவிடுங்கள்.