பாரிஸ் மசியலும் மண்ணுக்கடியில் ஒரு வாசனையும்

பாரிஸ் நகரத்தில் 1981ஆம் ஆண்டு ஜோயல் ரோபுஷோன் என்ற சமையற்கலைஞர் ‘ஜாமின்’ என்ற உணவகத்தை நடத்தத் தொடங்கினார். உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்துத் தரம் பிரிக்கும் மிஷலின் வழிகாட்டி நூல் 1984இல் அதற்கு மூன்று நட்சத்திரம் கொடுத்துவிட்டது. அதற்கு மேல் கொடுக்க அவர்களிடம் நட்சத்திரமே கிடையாது! அங்கே விதவிதமான பெரிய பதார்த்தங்கள் இருந்தன. ஆனால், சாப்பிட்டுப் போனவர்கள் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தது எதைப் பற்றித் தெரியுமா? தட்டின் ஓரத்தில் வைத்திருந்த உருளைக்கிழங்கு மசியலைப் பற்றித்தான்.

அதில் சேர்ந்தவை நான்கே பொருள்கள்: உருளைக்கிழங்கு, வெண்ணெய், பால், உப்பு. நான்குமே நம் வீட்டிலும் இருக்கின்றன. பிறகு ஏன் நாம் மசித்தால் ஒரு நாள் கட்டி கட்டியாகவும், இன்னொரு நாள் பசையாகவும் வந்து நிற்கிறது? ‘வெண்ணெய் போதவில்லை’ என்று சொல்வார்கள். வெண்ணெயும் வேண்டும்தான். அதைவிட முக்கியமான விஷயம் கிழங்குக்குள்ளே இருக்கிறது.

ஒரு பச்சை உருளைக்கிழங்கை இரண்டாக நறுக்கித் தரச் சொல்லுங்கள். வெட்டிய பக்கத்தை விரலால் தேயுங்கள். விரலில் பால் நிறத்தில் ஈரம் ஒட்டும். காய்ந்ததும் வெள்ளைப் பொடியாகப் படியும். அதுதான் மாவுச்சத்து. கத்தி பட்டு உடைந்த செல்களிலிருந்து அது வெளியே வந்திருக்கிறது. உருளைக்கிழங்குச் செல் ஒன்றின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. அவ்வளவு சின்ன இடத்துக்குள் மாவுச்சத்து மணிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. பள்ளிக்கூடத்தில் நுண்ணோக்கி இருந்தால், அந்த ஈரத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பாருங்கள். முட்டை வடிவ மணிகள், உள்ளே வளையம் வளையமாகக் கோடுகளோடு தெரியும். அரிசி மாவையும் தண்ணீரில் கலக்கி அதேபோல் வைத்துப் பாருங்கள். அரிசியின் மணிகள் எவ்வளவு பொடியானவை, கிழங்கின் மணிகள் எவ்வளவு பெரியவை என்று பார்த்ததுமே புரியும்.

இந்தச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பொருளின் பெயர் பெக்டின். சுவரில் செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்து இருக்கிறதல்லவா, அந்த வேலைதான் இதற்கும்.

கிழங்கு கொதிநீரில் வேகும்போது உள்ளே இரண்டு காரியங்கள் நடக்கின்றன. வெப்பம் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மாவுச்சத்து மணிகள் சுற்றியிருக்கும் தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன. சூடு இன்னும் ஏறியதும் பெக்டின் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. ஒட்டு விட்டுப்போவதால் செல்கள் தனித்தனியாகப் பிரிய ஆரம்பிக்கின்றன. நன்றாக வெந்த கிழங்கைப் பிட்டால் பொலபொலவென்று உதிர்கிறதே, அந்த ஒவ்வொரு துகளிலும் பல செல்கள் உடையாமல் முழுசாக இருக்கின்றன.

இங்கே ஒரு சமையலறை ரகசியம். புளிப்பு இருந்தால் பெக்டின் எளிதில் கரையாது. அதனால்தான் புளிக்குழம்பில் பச்சைக் கிழங்கைப் போட்டுக் கொதிக்கவைத்தால் அது வேகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கிழங்கை முதலில் வேகவைத்துக்கொண்டு, அப்புறம் புளியைக் கரைத்து ஊற்றும் பாட்டிகள் இந்த வேதியியலைக் கைப்பழக்கமாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது மசிப்பதற்கு வருவோம். நல்ல மசியல் என்றால் செல்களைப் பிரிக்க வேண்டும், உடைக்கக் கூடாது. ரோபுஷோனின் மசியலுக்கு அடிப்படையே இதுதான். முழுசாகப் பிரிந்த செல் மெத்தென்று இருக்கும்; அதன் மாவுச்சத்து அதற்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். அப்படிப்பட்ட செல்கள் நாக்கில் உருளும்போது நமக்குத் தனித்தனித் துகளாகத் தெரிவதில்லை, வழவழப்பாகத்தான் தெரிகிறது. செல் உடைந்தாலோ, உப்பிப் போன மாவுச்சத்து வெளியே கொட்டுகிறது. மாவுச்சத்தில் அமைலோஸ் என்று ஒரு வகை உண்டு. அதன் மூலக்கூறுகள் நீளமான சங்கிலிகள். வெளியே வந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு இழுவையான பசையாகிவிடுகின்றன. சுவரொட்டி ஒட்டும் பசையும் மாவுச்சத்தை வெந்நீரில் காய்ச்சி எடுப்பதுதான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பெரியவர்கள் யாரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். வெந்த கிழங்கு ஒன்றைச் சூட்டோடு சல்லடையில் வைத்து, கரண்டியின் முதுகால் மெதுவாக அழுத்தி இறக்குங்கள். இன்னொன்றை மிக்ஸியில் போட்டு ஒரு நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். முதலாவதைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும்: லேசாக, உதிரியாக இருக்கும். இரண்டாவதைக் கரண்டியால் தூக்கினால் நூலாக இழுபடும். இரண்டிலும் ஒரு கரண்டி எடுத்துத் தனித்தனிக் கண்ணாடித் தம்ளரில் பச்சைத் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். சல்லடையில் இறக்கியது சீக்கிரம் அடியில் படியும். மேலே தண்ணீர் ஓரளவு தெளியும். மிக்ஸியில் அடித்தது வெகுநேரம் கலங்கலாகவே நிற்கும். உடைந்த செல்களிலிருந்து கொட்டிய மாவுச்சத்து தண்ணீர் முழுக்கப் பரவிவிட்டது.

ரோபுஷோன் மிக்ஸி பக்கமே போகவில்லை. அவர் செய்த முறை இது. ‘ராட்’ என்னும் ரகக் கிழங்கு, விரல் நீளத்தில் சின்னச் சின்னதாக இருக்கும். அதைத் தோலோடு, குளிர்ந்த உப்புத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றினார். தோல் இருந்தால் கிழங்குக்குள் அதிகத் தண்ணீர் ஏறாது. வெந்ததும் சூடு ஆறுவதற்குள் தோலை உரித்து, கைப்பிடியைச் சுற்றினால் சிறு துளைகள் வழியே மசித்துத் தள்ளும் கருவியில் போட்டு இறக்கினார். பிறகு அந்த மசியலை வெறும் பாத்திரத்தில் மறுபடியும் அடுப்பில் வைத்து, நாலைந்து நிமிடம் மரக்கரண்டியால் புரட்டினார். எதற்கு? மிச்சமிருக்கும் தண்ணீர் ஆவியாகப் போக வேண்டும். தண்ணீர் போனால்தான் வெண்ணெய்க்கும் பாலுக்கும் இடம் கிடைக்கும்.

அதற்கப்புறம் வெண்ணெய். அவர் அச்சிட்டுக் கொடுத்த குறிப்பில் 1 கிலோ கிழங்குக்கு 250 கிராம் வெண்ணெய்! உருக்கி ஊற்றவில்லை, குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறினார். வெண்ணெய் முழுக்கக் கொழுப்பு அல்ல. ஏறத்தாழ 80 சதவீதம் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அதை முன்கூட்டியே உருக்கினால் கொழுப்பு தனியே, தண்ணீர் தனியே பிரிந்துவிடும். குளிர்ந்த துண்டாகப் போட்டுக் கிளறும்போதோ அது மெதுவாக இளகி, நுண்ணிய துளிகளாகி, செல்களுக்கு நடுவே பரவுகிறது. கடைசியில் சுடச்சுடப் பால். பிறகு இன்னும் மெல்லிய சல்லடையில் ஒரு முறை தேய்த்து இறக்கினால் முடிந்தது. பொறுமைதான் பெரிய வேலை. பொறுமையாகச் செய்யும் சமையலில் எனக்கு மரியாதை அதிகம்.

நாம் வீட்டில் செய்யும்போது அத்தனை வெண்ணெய் வேண்டாம். கால்வாசி போட்டாலும் நன்றாகவே வரும், செல்கள் உடையாமல் இருந்தால்.

மசியல் பசையாகாமல் தடுக்க வேறொரு வழியையும் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் பிலடெல்ஃபியா நகருக்குப் பக்கத்தில் உள்ள அரசு வேளாண் ஆய்வுக்கூடத்தில் 1950களில், வெந்நீர் ஊற்றினால் உடனே மசியலாகும் உலர்ந்த உருளைக்கிழங்குச் செதில்களை உருவாக்கினார்கள். காயவைத்து நொறுக்கும்போது செல்கள் உடைந்து பசையாகிவிடுமே என்பதுதான் அவர்களுடைய தலைவலி. அதற்காகக் கிழங்கை முதலில் 70 டிகிரி அளவுள்ள நீரில் சிறிது நேரம் வைத்து, பிறகு நன்றாகக் குளிரவைத்து, அதன் பிறகே முழுதாக வேகவைத்தார்கள். அந்த மிதமான சூட்டிலேயே மாவுச்சத்து உப்பிவிடுகிறது. குளிரும்போது அமைலோஸ் சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி இறுகிக்கொள்கின்றன. ஒரு முறை இறுகியது மறுபடி எளிதில் பசையாகாது. மேலும், மிதமான சூட்டில் கிழங்கிலுள்ள ஒரு நொதி வேலை செய்து, கால்சியத்தின் உதவியோடு பெக்டினையும் உறுதியாக்குகிறது. தொழிற்சாலைக்காகக் கண்டுபிடித்த இந்த வித்தையைப் பின்னாளில் பெரிய சமையற்கலைஞர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

மசியல் தயார். அதன்மேல் சில உணவகங்களில் ட்ரஃபிள் எண்ணெய் இரண்டு சொட்டு விடுவார்கள். கேக் கடையில் விற்கும் சாக்லேட் ட்ரஃபிள் வேறு. இது மண்ணுக்கடியில் விளையும் ஒரு பூஞ்சை. ஓக், ஹேசல் போன்ற மரங்களின் வேரோடு சேர்ந்து வாழ்கிறது. மண்ணிலிருந்து நீரையும் தாது உப்புகளையும் உறிஞ்சி மரத்துக்குக் கொடுக்கும். மரம் இலையில் தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கை இதற்குக் கொடுக்கும். கறுப்பு ட்ரஃபிளுக்குப் பிரான்சின் பெரிகோர் பகுதி பெயர் பெற்றது. வெள்ளை ட்ரஃபிளுக்கு இத்தாலியின் ஆல்பா.

மழைக்குப் பிறகு முளைக்கும் காளான் குடை விரித்து, வித்துகளைக் காற்றில் விடுகிறது. மண்ணுக்குள் புதைந்திருக்கும் ட்ரஃபிளுக்குக் காற்றும் இல்லை, குடையும் இல்லை. வேறு யாராவது தோண்டி எடுத்துத் தின்று, வித்துகளை வேறிடத்தில் எச்சத்தோடு போட்டால்தான் அதன் வம்சம் பெருகும். அதனால் வித்துகள் முதிர்ந்ததும் அது வாசனையை வெளியே அனுப்புகிறது. ‘இங்கே இருக்கிறேன், தோண்டு’ என்று விலங்குகளைக் கூப்பிடும் வாசனை.

அந்தக் கூப்பாட்டைக் கேட்டு முதலில் ஓடி வருவது பன்றி. ஆண் பன்றியின் உடலில் சுரக்கும் ஒரு வாசனைப் பொருள் ட்ரஃபிளிலும் இருக்கிறது. அதுதான் பெண் பன்றியை இழுக்கிறது என்று முன்பு சொல்லி வந்தார்கள். பிரான்சில் துலூஸ் நகர ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 1990இல் வெளியிட்டார்கள். வெவ்வேறு வாசனைப் பொருள்களை மண்ணில் புதைத்துவைத்து, பன்றியையும் நாய்களையும் விட்டுப் பார்த்தார்கள். ஆண் பன்றி வாசனையை அவை சட்டையே செய்யவில்லை. டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம் புதைத்த இடத்தைத்தான் தோண்டின. மக்காச்சோளம் வேகும்போது வருகிற மணத்திலும் இதே சேர்மம் இருக்கிறது.

பன்றி தோண்டினால் ட்ரஃபிளைத் தானே தின்றுவிடப் பார்க்கும். நிலத்தையும் கிளறிப் போட்டுவிடும். இத்தாலியில் 1985 முதல் ட்ரஃபிள் தேடப் பன்றியைப் பயன்படுத்தத் தடை. இப்போது நாய்கள்தான் தேடுகின்றன. கண்டுபிடித்த நாய்க்கு ஒரு பிஸ்கட் போதும்.

வெள்ளை ட்ரஃபிளின் முக்கிய வாசனை இன்னொரு கந்தகச் சேர்மம்: 2,4-டைதயாபென்டேன். ட்ரஃபிள் கொள்ளை விலை. ஆகவே கடையில் விற்கும் ட்ரஃபிள் எண்ணெய்ப் புட்டிகளில் பெரும்பாலானவை, ஆலிவ் போன்ற எண்ணெயில் ஆய்வுக்கூடத்தில் தயாரித்த இந்தச் சேர்மத்தைக் கலந்தவையே. உண்மையான ட்ரஃபிளில் பல பத்து வாசனைச் சேர்மங்கள் சேர்ந்து மணக்கும். எண்ணெயில் ஒன்றோ இரண்டோதான். அப்படித் தயாரிப்பதில் தவறில்லை. ஆனால் புட்டியின் மேல் அதைத் தெளிவாக அச்சிட வேண்டும். நாமும் வாங்கும்போது திருப்பிப் படிக்க வேண்டும்.

ஏன் இரண்டே சொட்டு? கந்தகச் சேர்மங்களை நம் மூக்கு மிக மிகக் குறைந்த அளவிலேயே பிடித்துவிடும். சமையல் எரிவாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று அதில் எத்தில் மெர்கேப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைத் துளியளவு கலக்கிறார்கள். அந்தத் துளியே வீடு முழுக்க மணந்து நம்மை எச்சரிக்கிறது. ட்ரஃபிள் எண்ணெயும் ஒரு சொட்டு கூடிவிட்டால் மணம் நாற்றமாகத் தோன்றும்.

மசியலோடு அது ஏன் அவ்வளவு பொருந்துகிறது என்பதற்கும் காரணம் உண்டு. இந்தச் சேர்மங்கள் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும். மசியலில்தான் நுண்ணிய வெண்ணெய்த் துளிகள் எங்கும் பரவியிருக்கின்றனவே! அவை வாசனையைப் பிடித்து வைத்துக்கொண்டு, வாய்க்குள் போனதும் மெல்ல மெல்ல விடுகின்றன. பெருங்காயத்தை எண்ணெயில் பொரித்துத் தாளிப்பதிலும் இதே சூத்திரம். பெருங்காயத்தின் வாசனையும் கந்தகத்தால் வருவது. ஒரு வித்தியாசம்: ட்ரஃபிள் எண்ணெயை அடுப்பில் காயவைத்தால் வாசனை பறந்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே விட வேண்டும்.

ட்ரஃபிள் எண்ணெய் இல்லாவிட்டால் பரவாயில்லை. வெண்ணெயில் இரண்டு பூண்டுப் பல்லைத் தட்டிப் போட்டு, மிதமான சூட்டில் வதக்கி, அந்த வெண்ணெயை மசியலின்மேல் விடச் சொல்லுங்கள். பூண்டும் கந்தகக் குடும்பம்தான். பிறகு மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் சாப்பிடுங்கள். உப்பு தெரியும், வழவழப்பு தெரியும். பூண்டு அநேகமாகத் தெரியவே தெரியாது. வாயில் இருக்கும்போதே விரலை எடுத்துவிட்டு மூச்சை வெளியே விடுங்கள். வாசனை தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்குக்கு ஏறும் வழி திறந்ததும், பூண்டு சட்டென்று வந்து நிற்கும்.