கேமராவுக்குப் பின்னால் அப்பா

தங்கை கல்யாணத்தில் திரையிட ஐந்து நிமிடக் காணொளி வேண்டும். “ரேடியோவுல தினமும் எடிட்டிங் பண்றவதானே, இதையும் நீயே செஞ்சிடும்மா” என்று அம்மா சொல்லிவிட்டார்.

அலமாரியின் மேல், பழைய பிஸ்கட் டின்னில் பதினோரு மினி டிவி கேசட்டுகள் இருந்தன. இந்த ‘டிவி’ தொலைக்காட்சி அல்ல, டிஜிட்டல் வீடியோ. 2001 முதல் 2006 வரை கிள்ளான் வீட்டில் அப்பா எடுத்தவை. அவர் போய் ஆறு வருடமாகிறது. எந்தக் கேசட்டிலும் அவர் முகம் இல்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து பேசும் குரல் மட்டும்தான்.

முதலில் இரண்டு கேசட்டைக் கடையில் கொடுத்தேன். டிவிடியாகத் தந்தார்கள். தொலைக்காட்சியில் நன்றாகவே ஓடியது. எடிட்டிங் மென்பொருளில் போட்டால் படம் வந்தது, ஒலி வரவில்லை. டிவிடியில் இருப்பது எம்பெக்-2 முறையில் சுருக்கிய படமும் ஏசி-3 ஒலியும். உட்கார்ந்து பார்க்கச் செய்தது அது, வெட்டி ஒட்டுவதற்கு அல்ல. எனக்கோ ஒலி இல்லையென்றால் அப்பாவே இல்லை.

பிறகுதான் புரிந்தது. இந்தக் கேசட்டில் பதிவாகியிருப்பதே டிஜிட்டல் தரவு. அதை எதுவாகவும் மாற்ற வேண்டாம், அப்படியே கணினிக்கு இறக்கினால் போதும். (ஹை-8, விஎச்எஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை. அவை அனலாக், இடையில் ஒரு கேப்சர் கருவி வேண்டும்.) இறக்குவதற்கு ஃபயர்வயர் கம்பி தேவை. எங்கள் கேமராவில் யூஎஸ்பி துவாரமும் உண்டு, ஆனால் அது புகைப்படங்களுக்கு மட்டும். என் மடிக்கணினியில் ஃபயர்வயர் கிடையாது. சித்தப்பாவின் பழைய மேசைக் கணினி கைகொடுத்தது.

வின்டிவி என்ற இலவச மென்பொருள் ஏவிஐ கோப்பாகச் சேமித்தது. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கத்தான் வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் 13 ஜிகாபைட்.

ஒலியில் நானே சறுக்கினேன். அப்பா 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்திருந்தார். நான் ஒலியைத் தனியாகப் பிரித்து, நிலையப் பழக்கத்தில் 48 என்று குறித்துவிட்டேன். குரல் கீச்சென்று வேகமாக ஓடியது. அம்மா எட்டிப் பார்த்து, “இது உங்கப்பா இல்லையே” என்றார். 32 என்று திருத்தியதும், “கண்ணு, இந்தப் பக்கம் பாரு.” அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பழைய கேமரா ஒவ்வொரு படத்தையும் ஒற்றை வரி, இரட்டை வரி என இரண்டு பாதியாக எழுதும். கணினித் திரையில் அசையும் கைகளின் ஓரத்தில் சீப்புப் பல் தெரியும். ‘டீஇன்டர்லேஸ்’ செய்தால் சரியாகும். வாட்ஸ்அப்பில் அனுப்ப ஹேண்ட்பிரேக் கொண்டு எம்பி4 ஆக்கினேன். மூல ஏவிஐ கோப்புகளை அழிக்கவில்லை, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன.

பத்துக் கேசட்டுகள் முடிந்தன. ஒன்றில் மட்டும் நாடாவின் ஓரம் வெள்ளையாகப் பூஞ்சை. கேமராவில் போட்டால் உள்ளே அதன் ஹெட்டும் பாழாகும் என்பதால் போடவில்லை. டின்னிலேயே இருக்கிறது. மேலே அப்பாவின் கையெழுத்தில்: ‘தீபாவளி 2004’.