இலண்டன் பொற்கொல்லர் கழகம்

இலண்டன் பொற்கொல்லர் கழகம் என்பது இங்கிலாந்தின் இலண்டன் நகரில் நடுக்காலம் முதல் இயங்கிவரும் ஒரு தொழிற்குழு ஆகும். இது 1327 ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்றது. இலண்டனின் 12 பெருங்கழகங்களின் வரிசையில் ஐந்தாவதாக வைக்கப்படுகிறது. தங்கம், வெள்ளிப் பொருட்களின் தரத்தைச் சோதித்து முத்திரை இடுவதே இதன் முதன்மைப் பணியாகும்.

பின்னணி

தூய தங்கமும் வெள்ளியும் மென்மையானவை. எனவே உறுதிக்காக அவற்றுடன் செம்பு முதலிய உலோகங்கள் கலக்கப்படுகின்றன. எவ்வளவு கலக்கப்பட்டது என்பதை வாங்குபவர் கண்ணால் அறிய இயலாது. இதனால் ஏமாற்றுக்கு இடமுண்டாயிற்று. 1300 ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு மன்னரின் சட்டம், வெள்ளிப் பொருட்கள் 92.5 விழுக்காடு தூய்மை உடையனவாக இருக்க வேண்டும் என விதித்தது. கழகத்தின் காப்பாளர்கள் பட்டறைகளுக்கே சென்று சோதித்து, தேறியவற்றில் சிறுத்தைத் தலை முத்திரையை இட்டனர். 1363 இல் செய்தவரின் தனி முத்திரையும் கட்டாயமாக்கப்பட்டது.

ஆல்மார்க்கு

1478 முதல் பொருட்களைக் கழகத்தின் மண்டபத்திற்கே கொண்டுவந்து சோதிக்கும் முறை ஏற்பட்டது. மண்டபத்தில் இடப்படும் குறி என்பதால் இது 'ஆல்மார்க்கு' எனப்பட்டது. அவ்வாண்டிலேயே ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் சேர்க்கப்பட்டது. தரக்குறைவான பொருள் பின்னர் பிடிபட்டால், அதைத் தேர்ச்சி பெறச் செய்த சோதனையாளர் யார் என்பதை இவ்வெழுத்தைக் கொண்டு அறிய முடிந்தது. இவ்வாறு, செய்தவர் மட்டுமன்றிச் சோதித்தவரும் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

நாணயச் சோதனை

அரச நாணயச் சாலை வெளியிடும் நாணயங்களின் எடை, உலோகக் கலவை ஆகியவற்றை ஆராயும் சோதனை 13 ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. ஆண்டுதோறும் நடைபெறும் இச்சோதனையில் இக்கழகத்தினர் நடுவர் குழுவாக அமர்கின்றனர். அரசின் நாணயமும் இதற்கு விலக்கன்று.

தற்காலப் பணிகள்

நடுக்காலத் தொழிற்குழுக்கள் பல தம் தொழில் தொடர்பை இழந்து அறக்கட்டளைகளாக மாறின. இக்கழகம் தன் பழைய கடமையை இன்றும் சட்டப்படி செய்து வருகிறது. 1973 ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டத்தின்படி, விலக்களிக்கப்பட்ட எடைக்கு மேற்பட்ட பொருட்களை முத்திரையின்றித் தங்கம் அல்லது வெள்ளி என விற்பது ஐக்கிய இராச்சியத்தில் குற்றமாகும். இலண்டன், பர்மிங்காம், செப்பீல்டு, எடின்பரோ ஆகிய நகரங்களில் உள்ள நான்கு அலுவலகங்கள் முத்திரை இடுகின்றன. இவற்றுள் இலண்டன் அலுவலகம் இக்கழகத்தைச் சார்ந்தது. அணிகலத் தொழிலில் இளைஞர்களைப் பயிற்றுவிக்கும் மையம் ஒன்று 2012 இல் திறக்கப்பட்டது.

இந்தியாவில்

இந்தியத் தர நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் தங்க நகைகளுக்கு ஆல்மார்க்கு முறையை அறிமுகப்படுத்தியது. 2021 சூன் முதல் அது படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டு வருகிறது. தமிழகத்தின் நகைக்கடைகளில் இன்று வழங்கும் இச்சொல், இலண்டன் கழகத்தின் மண்டபத்திலிருந்து பிறந்ததாகும்.